காட்டுமாட்டின் கலக்கம் சாணத்தில் தெரியும்

2020-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி காலையில் புனே நகரின் மேற்குப் பகுதியான கோத்ரூட்டில், மகாத்மா சொசைட்டி என்ற குடியிருப்புக்குள் ஒரு காட்டுமாடு புகுந்து விட்டது. செய்தி பரவியதும் கூட்டம் கூடியது. கையில் போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் படம் எடுக்க ஓடினார்கள். மாடு மிரண்டு சந்து சந்தாக ஓடியது. சுவரில் மோதியது. முகத்தில் காயம் பட்டு ரத்தம் வழிந்தது. பல மணி நேரம் இப்படி ஓடிக் களைத்த பிறகு மயக்க ஊசி போட்டு, கயிறு கட்டி, வண்டியில் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் அது செத்துப் போயிற்று.

கோர்படியில் இருந்து பார்த்தால் கோத்ரூட் நகரத்தின் மறு கோடி. ஆனாலும் அன்று மாலைக்குள் அந்த ஓட்டத்தைப் போனில் பார்க்காதவர்கள் கோர்படியிலும் குறைவு. "இவ்வளவு பெரிய மிருகம், யாரும் வெட்டவில்லை, சுடவில்லை. பிறகு எப்படிச் செத்தது?" என்பதுதான் அப்போது பலரும் கேட்ட கேள்வி.

நியாயமான கேள்வி. நன்றாக வளர்ந்த ஆண் காட்டுமாடு 800 கிலோவுக்கும் மேல் எடை இருக்கும். புலி கூட யோசித்துத்தான் அதன் மேல் பாயும். கூடலூர், குன்னூர், கொடைக்கானல் பக்கத்தில் இருந்து புனேக்குப் பிழைக்க வந்தவர்களுக்கு இது பழகிய பிராணி. அங்கே இதைக் 'காட்டெருமை' என்று சொல்கிறார்கள். மராத்தியர்களும் 'கவா ரேடா' என்று எருமைக்கடாவோடு சேர்த்துத்தான் பேசுகிறார்கள். உண்மையில் இது எருமை ஜாதி அல்ல, மாட்டு ஜாதி. கொடைக்கானலில் கடைத்தெரு ஓரமாகவே இது நடந்து போகும். ஜனங்கள் ஒதுங்கி நின்று வழி விடுவார்கள். அங்கே தெருவில் நடந்தும் உயிரோடு இருக்கிற பிராணி, கோத்ரூட்டில் ஒரு காலைப்பொழுதுக்குள் மாண்டு விட்டது.

பயமே விஷம்

குளம்புள்ள காட்டு மிருகங்களின் உடம்பு ஓடித் தப்புவதற்காகவே அமைந்தது. ஆபத்து என்று கண்டதும் சில வினாடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகளுக்கு ரத்தம் ஓடுகிறது. அடுத்த சில நிமிடங்களில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறுகிறது. உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரையை எடுத்துச் செலவுக்குக் கொடுப்பது அதன் வேலை. காட்டில் ஒரு புலியிடம் இருந்து தப்ப இரண்டு நிமிட ஓட்டம் போதும். பிறகு நின்று மூச்சு வாங்கி, மேயத் தொடங்கி விடும்.

மணிக்கணக்கில் ஓட விட்டால் கதை வேறு. தசைகளில் அமிலம் சேர்கிறது. உடம்புச் சூடு ஏறுகிறது. தசை நார்களே சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. கால்நடை மருத்துவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மான் இனங்களும் காட்டு மாடுகளும் பிடிபடும் போதும், பிடிபட்டுச் சில நாட்கள் கழித்தும் கூட இப்படிச் சாவது உண்டு. இந்த நிலையில் மயக்க மருந்தும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். கோத்ரூட் மாட்டின் சாவுக்கும் அதிர்ச்சியும் களைப்புமே காரணமாக அப்போது பேசப்பட்டன.

இதே டிசம்பரில், இரண்டு வாரத்துக்குள், பாவ்தன் பக்கம் இன்னொரு காட்டுமாடு தென்பட்டது. இந்த முறை போலீசாரும் வன இலாகாவினரும் முதலில் ஜனங்களைத்தான் அடக்கினார்கள். மாட்டைத் துரத்தவில்லை. அது தானாகக் காட்டுப் பக்கம் திரும்பிப் போக வழி விட்டார்கள். மாடு பிழைத்தது. இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே மிருகத்தைக் கொன்றது எது என்று புரியும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இந்தப் பயத்தை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஓடாமல், முட்டாமல், அமைதியாக நிற்கிற மிருகத்தின் உள்ளே என்ன நடக்கிறது? கொடைக்கானல் தெருவில் நடக்கிற மாடு உண்மையிலேயே பழகி விட்டதா, அல்லது தினமும் கலங்கிக்கொண்டே நடக்கிறதா? வாய் இல்லாத ஜீவனிடம் இதை எப்படிக் கேட்பது?

சாணத்தில் எழுதிய கணக்கு

ரத்தத்தை எடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ரத்தம் எடுக்க மிருகத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்த இரண்டு மூன்று நிமிடத்திலேயே கார்டிசால் ஏறத் தொடங்கி விடும். அப்புறம் எடுக்கிற ரத்தம், பிடித்தவனைப் பார்த்த பயத்தைத்தான் காட்டும்.

அதனால் விஞ்ஞானிகள் சாணத்துக்கும் புழுக்கைக்கும் போனார்கள். ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் கல்லீரலில் சிதைந்து, பித்தத்தோடு குடலுக்கு வந்து, சாணத்தோடு வெளியேறுகிறது. அசைபோடும் மிருகங்களில் இதற்குச் சுமார் 12 மணி முதல் 24 மணி நேரம் பிடிக்கும். ஆகவே இன்று காலை விழுந்த சாணத்தில் இருப்பது நேற்றைய கலக்கம். அதுவும் ஒரு நிமிடத்துக் கலக்கம் அல்ல, பல மணி நேரத்தின் மொத்தம். ரத்தம் என்பது கல்லாப்பெட்டியில் இந்த நிமிடம் இருக்கும் ரொக்கம் என்றால், சாணம் நேற்றைய நாள்பேரேடு.

முறை எளிதாகத்தான் தெரியும். மிருகத்தைத் தூரத்தில் இருந்து கவனிக்கிறார்கள். அது சாணம் போட்டு விலகிப் போன பிறகு, மூத்திரம் படாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்து, ஐஸ் பெட்டியிலோ சாராயத்திலோ வைக்கிறார்கள். பிறகு காய வைத்து, பொடித்து, சல்லடையில் சலித்து, சாராயக் கரைசலில் குலுக்கினால் ஹார்மோன் சிதைவுகள் கரைசலுக்கு வந்து விடும். அந்தத் தெளிவை, குறிப்பிட்ட ஹார்மோனை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசிய தட்டில் விட்டு நிறம் பார்க்கிறார்கள். நிறம் வெளிறினால் ஹார்மோன் அதிகம், அடர்ந்தால் குறைவு. கருவி அதை ஒரு கிராமுக்கு இத்தனை நானோகிராம் என்று சொல்லி விடும்.

நம்மூர் மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இதில் ஒரு பகுதி புதிதல்ல. சாணத்தின் பதமும் நிறமும் பார்த்து மாட்டின் உடம்பைச் சொல்லும் பெரியவர்கள் எந்த ஊரிலும் இருந்தார்கள். ஆய்வுக்கூடம் அந்தச் சாணத்துக்குள் கண்ணால் பார்க்க முடியாததைப் பார்க்கிறது.

அமெரிக்காவில் அசடீக் தீவில் காட்டுக் குதிரைகள் உண்டு. 1980-களில் ஜே கிர்க்பாட்ரிக் என்பவரும் அவரது தோழர்களும் அந்தக் குதிரைகளைப் பிடிக்காமலே எவை சினையாக இருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். குதிரை மூத்திரம் பெய்த மண்ணை அள்ளிக் கொண்டு போய்ச் சோதித்தார்களாம்! பிறகு சாணத்துக்கும் வந்தார்கள். வியன்னாவில் ரூபர்ட் பால்மே என்ற ஆராய்ச்சியாளர், ஆடு மாடு மான் போன்றவற்றின் சாணத்தில் எந்தச் சிதைவுப் பொருளை அளக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கினார். ஒரு ஜாதிக்குப் பொருந்துகிற சோதனை இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு மிருகத்துக்கும் முதலில் சோதனையையே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வண்டலூர் மான்கள்

தமிழ்நாட்டில் இந்த வேலை நடக்காமல் இல்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அர்ச்சுனன் குழுவினர், சென்னைக்கு அருகே வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் வெளிமான்களை ஆராய்ந்தார்கள். முடிவு 2011-ல் வெளிவந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் யாரும் இல்லாத நாள், கொஞ்சம் பேர் வந்த நாள், பெருங்கூட்டம் வந்த நாள் என்று பிரித்து, மான்களின் நடத்தையையும் புழுக்கையில் உள்ள கார்டிசாலையும் ஒப்பிட்டார்கள். கூட்டம் அதிகமான நாட்களில் கார்டிசாலும் அதிகம் என்று தெரிந்தது. மான்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொள்வதும் கூடியது.

வெளிமான் சட்டப்படி மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற மிருகம். கோடிக்கரையிலும், தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டிலும், சென்னை கிண்டியிலும் அது இயற்கையாகத் திரிகிறது. மகாராஷ்டிரத்தில் கர்ஜத் பக்கத்தில் ரேஹேகுரி சரணாலயம் அதற்காகவே ஏற்பட்டது. வேலிக்குள் இருக்கும் மான் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தால் எவ்வளவு அலைக்கழிகிறது என்று தெரிந்தால், வேலியைத் தள்ளிப் போடலாம், மறைவுக்குச் செடி நடலாம், ஒரு பக்கம் மட்டும் பார்வையாளரை விடலாம். செலவு அதிகம் இல்லாத காரியங்கள்தான்.

ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்துக்கு 'லாகோன்ஸ்' என்று ஒரு கிளை உண்டு. அழியும் நிலையில் உள்ள பிராணிகளுக்காக லால்ஜி சிங் முயற்சியில் எழுந்தது. புனேயில் இருந்து ஓர் இரவு ரெயில் பயணம். இந்தியாவில் சாண ஹார்மோன் சோதனையின் தலைமையிடம் என்று இதைச் சொல்லலாம். இங்கே உமாபதி குழுவினர் செய்த வேலைகளில் ஒன்று இமயமலைக் கஸ்தூரி மானைப் பற்றியது. அதன் புழுக்கையில் உள்ள புரோஜெஸ்ட்ரோன் சிதைவுகளை அளந்து, எந்தப் பெண் மான் சினையாக இருக்கிறது என்று சொல்ல முடியும் என 2016-ல் காட்டினார்கள். வீட்டு மாட்டுக்குச் சினை பார்க்கக் கால்நடை டாக்டர் கையை விட்டுப் பார்க்கிறார். கஸ்தூரி மானிடம் அது நடக்காது. பிடித்தாலே பயத்தில் உயிரை விடக்கூடிய ஜாதி அது.

நம்மூரில் சருகுமான் என்கிற மிகச் சிறிய குளம்புப் பிராணியையும் 2010 முதல் ஐதராபாத் நேரு மிருகக்காட்சி சாலையில் வைத்துப் பெருக்கி, 2017-ல் நல்லமலைக் காட்டின் அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விடத் தொடங்கினார்கள். மத்தியப் பிரதேசத்தில் காட்டுமாடே இல்லாமல் போய்விட்ட பாந்தவ்கட் காட்டுக்கு 2011-ல் கன்ஹாவில் இருந்து 19 காட்டுமாடுகளை லாரியில் கொண்டு போய் விட்டதும் உண்டு. இப்படி இடம் மாற்றப்பட்ட மிருகம் புது இடத்தில் எத்தனை நாளில் நிலைகொள்கிறது என்பதை, மறுபடி பிடித்துத் தொல்லை கொடுக்காமல் அறியச் சாணமே போதும்.

முக்குருத்தி சொன்ன பாடம்

இது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் வரையாட்டின் கதையைக் கேட்க வேண்டும். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024-ல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளே இருந்தன. அதைக் காப்பாற்றத் தமிழ்நாடு அரசு தனித் திட்டமே போட்டு, அதன் நடமாட்டம் அறியக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டும் வேலையையும் அதில் சேர்த்தது. அதே 2024-ல் நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவில், பட்டை மாட்டுவதற்காக மயக்க ஊசி போடப்பட்ட ஒரு பெண் வரையாடு இறந்து போனது. அது சினையாக இருந்தது.

ரேடியோ பட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஓர் ஆடு எந்தப் பாறையில் இருந்து எந்தப் பாறைக்குப் போகிறது என்பதைப் புழுக்கை சொல்லாது. ஆனால் எந்த மாதத்தில் பெட்டை ஆடுகள் சினையாக இருக்கின்றன என்பதைப் புழுக்கை சொல்லும். அந்த மாதங்களில் ஊசித் துப்பாக்கியைத் தொடாமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் மட்டும் உள்ள ஒரு ஜாதியில் ஒரு தாயும் குட்டியும் போவது சின்ன நஷ்டம் அல்ல.

எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். கார்டிசால் ஏறினால் மிருகம் துன்பப்படுகிறது, இறங்கினால் சுகமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. கிடாய்கள் கூடும் பருவத்திலும் அது ஏறும். சினைக் காலத்திலும், புல் காய்ந்த கோடையிலும் ஏறும். சாணம் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் கிருமிகள் அதைச் சிதைத்துக் கணக்கையே மாற்றி விடும். அதனால்தான் புதுச் சாணமாக எடுக்க வேண்டும் என்று அவ்வளவு கண்டிப்பு.

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் பனியில் ஓடும் மோட்டார் வண்டிகளால் எல்க் என்ற பெரிய மான்கள் கலங்குகின்றனவா என்று ஸ்காட் கிரீல் குழுவினர் பார்த்தார்கள். வண்டிகள் கூடிய நாட்களில் ஹார்மோனும் கூடியது. ஆனால் அதனால் மான்களின் எண்ணிக்கை குறைந்ததற்குச் சான்று இல்லை என்றும் அவர்களே 2002-ல் எழுதினார்கள். வண்டிக்காரர்கள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள், எதிர்த்தவர்கள் இன்னொரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

யானை விஷயம் இன்னும் விசித்திரம். யானைக்கு மாட்டைப் போல் குளம்பு இல்லை, நகம்தான். இருந்தாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. முதுமலை, பந்திப்பூர் காடுகளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தினர் லத்தியைச் சோதித்த போது, கோடையில் மெலிந்த யானைகளிடம் கலக்க ஹார்மோன் அதிகமாக இருந்தது. இது எதிர்பார்த்ததே. ஆனால் பயிர்களை மேயும் யானைகள் பட்டாசு, பறை, ஜனக்கூட்டம் எல்லாவற்றுக்கும் நடுவில் வாழ்கிறவை. அவற்றிடம் அதிகமாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2019-ல் வந்த ஆய்வில் காட்டு யானைகளை விட அவற்றிடம் குறைவாக இருந்தது! நல்ல தீனி கிடைப்பதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். விவசாயிக்கு இது கசப்பான செய்திதான். நெல்லும் வாழையும் தின்று பழகிய யானை சத்தத்துக்குப் பயந்து காட்டுக்குத் திரும்பும் என்ற நம்பிக்கை இதோடு ஆட்டம் காண்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் கொடைக்கானல் காட்டுமாட்டின் அமைதியையும் அவசரப்பட்டு நம்ப முடியாது, அவசரப்பட்டுச் சந்தேகிக்கவும் முடியாது. ஊருக்குள் நடக்கிற மாட்டின் சாணத்தையும் சோலைக்குள் மேய்கிற மாட்டின் சாணத்தையும் ஒரே பருவத்தில் ஒப்பிட்டால்தான் விடை வரும்.

இன்னொன்று. நோயை இந்தச் சோதனை சொல்லாது. 2025 ஜூலையில் காத்ரஜ் மிருகக்காட்சி சாலையில் சில நாட்களுக்குள் 16 புள்ளிமான்கள் செத்தன. காரணம் கோமாரி நோய் என்று தெரிய வந்தது. அதற்கு வேண்டியது வேறு பரிசோதனை, வேறு எச்சரிக்கை. அதே போல, கோத்ரூட்டில் ஓடிய மாட்டின் சாணத்தை அன்று யாராவது எடுத்துச் சோதித்திருந்தாலும் அதன் உயிரைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஹார்மோன் கணக்கு வருவதற்குள் மாடு போயிருக்கும். அன்று தேவைப்பட்டது பாவ்தனில் செய்த மாதிரி நாலு போலீஸ்காரர்களும் ஒரு கயிற்றுத் தடுப்பும்தான்.

காத்ரஜில் தொடங்கலாம்

புனே வட்டாரத்தில் இந்தச் சோதனைக்கு வேலை நிறைய உண்டு. சுபே அருகே உள்ள மயூரேஷ்வர் சரணாலயம் 5 சதுர கிலோமீட்டர் அளவுதான். சிங்காரா மான்களைப் பார்க்கச் சனி ஞாயிறுகளில் வண்டிகள் அங்கே போகின்றன. அத்தனை சிறிய இடத்தில் மான் ஒதுங்கிப் போக எங்கே போகும்? எத்தனை வண்டி வரை மான் தாங்கும் என்று இன்று ஊகமாகவே பேச வேண்டியிருக்கிறது. புழுக்கையை எடுத்துப் பார்த்து ஓர் எண்ணிக்கை குறிக்கலாம்.

அதை விட எளிது காத்ரஜ். கோர்படித் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப் போகிற அதே ராஜீவ் காந்தி மிருகக்காட்சி சாலைதான். அங்கே வெளிமானும் இருக்கிறது, காட்டுமாடும் இருக்கிறது. புதன்கிழமை விடுமுறை. கூட்டமே இல்லாத ஒரு நாளும், கூட்டம் நெரியும் ஒரு நாளும் வாரந்தோறும் தானாகவே அமைந்து விடுகின்றன. ஞாயிற்றுக்கிழமையின் கலக்கம் திங்கட்கிழமைப் புழுக்கையில் இருக்கும், புதன்கிழமையின் நிம்மதி வியாழக்கிழமைப் புழுக்கையில் இருக்கும். இரண்டையும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து ஐதராபாத் ரெயிலில் அனுப்ப, தினமும் கொட்டகை கூட்டுகிற தொழிலாளிக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் போதும்.